நான்காம் லைனின் தாபுங்

சந்திரகலாவைத் தெரிந்தவர்கள் முதலில் அவள் குரலைத்தான் சொல்வார்கள். கிள்ளானைத் தாண்டி மேரு சாலையில் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஏழு லைன்கள் ஓடுகின்றன. சாப்பாட்டுக் கடைகளில் தாப்பாவ், அதாவது பார்சல், கட்டிக் கொடுக்கிற டப்பாக்கள் அங்கேதான் வார்க்கப்படுகின்றன. அச்சு இயந்திரங்கள் ஓயாமல் டப்பாவையும் மூடியையும் துப்ப, அவை பெல்ட்டில் ஊர்ந்து பேக்கிங் மேசைக்கு வரும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் தும்மினால்கூடக் காதில் விழாது. ஆனால் நான்காம் லைனில் நின்றபடி சந்திரகலா டேப் தீர்ந்துபோச்சு என்றால், ஸ்டோரில் இருக்கிறவன் எழுந்து டேப்பைத் தேடுவான்.

ஐம்பத்தொரு வயது. இருபத்து மூன்று வருடமாக அதே மேசை. அதில் கடைசிப் பதினொரு வருடம் லைன் லீடர். அவளுக்குக் கீழே எட்டுப் பெண்கள். மூன்று தமிழ்ப் பெண்கள், மூன்று மலாய்ப் பெண்கள், ஒரு சீனத்தி, ஒரு நேப்பாளி. டப்பாவின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்து, அடுக்கி, உறை போட்டு, ஐந்நூறு ஐந்நூறாகப் பெட்டியில் இறக்கி, டேப் ஒட்டும் இயந்திரத்துக்குள் தள்ளிவிட வேண்டும். ஒரு ஷிப்டுக்கு இருநூற்று நாற்பது பெட்டி. அதுதான் டார்கெட். பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட நான்காம் லைன் அதற்குக் குறைந்ததில்லை என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரிந்த சேதி.

அது எப்படி முடிந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியாது.

பேக்கிங் மேசைக்குப் பின்னால் காலி மரப்பலகைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். அந்த அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவு வழி, உள்ளே நீளமாக ஒரு சந்து. அங்கே நீலத் தார்ப்பாய் மூடிய பெட்டிகள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அதற்குப் பெயர் தாபுங். மலாயில் பிள்ளைகள் காசு போட்டு வைக்கிற உண்டியலைத் தாபுங் என்பார்கள். இந்த உண்டியலில் விழுந்தவை பெட்டிகள். இயந்திரம் மக்கர் பண்ணாமல் ஓடுகிற நாளில் இருநூற்று நாற்பத்திரண்டோ, நாற்பத்து மூன்றோ முடிந்துவிடும். சந்திரகலா நோட்டில் இருநூற்று நாற்பது என்று எழுதுவாள். மிச்சம் தார்ப்பாய்க்குள் போகும். ஆள் குறைகிற நாளில் அங்கிருந்து எடுத்து அன்றைய கணக்கோடு அனுப்பிவிடுவார்கள்.

இதை ஆரம்பித்து வைத்தது காக் ரொஹானி. காக் என்றால் மலாயில் அக்கா. மேசையின் முதல் இடத்தில் நிற்கிறவள், சந்திரகலாவைவிட இரண்டு வயது மூத்தவள். பல வருடத்துக்கு முன் நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் மலாய்ப் பெண்கள் யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. டார்கெட் குறையாமல் கொடுக்கிற லைனுக்குத்தான் பெருநாள் லீவு என்பது மேலிடத்துச் சட்டம். பாதிப் பேர் லீவில் போனால் டார்கெட் எங்கிருந்து வரும் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யோசித்திருக்கவில்லை. ரொஹானி யோசித்தாள். அன்றிலிருந்து நோன்புப் பெருநாளுக்கு ஒரு தாபுங், தீபாவளிக்கு ஒன்று, சீனப் பெருநாளுக்கு ஒன்று என்று சுழற்சியாக நடந்தது. யாருடைய பெருநாள் வந்தாலும் மற்றவர்கள் அதற்காகச் சேர்த்தார்கள். அந்த வருடம் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் மாதத்தில்தான் தொழிற்சாலைக்குப் புதிய ஏற்பாடு வந்தது. இயந்திரங்களையெல்லாம் கம்ப்யூட்டரோடு இணைக்கப் போகிறார்கள், காகித நோட்டுக்கு இனி வேலையில்லை என்றார்கள். அதைப் பொருத்த வந்தவள் உஷாராணி. பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு, தினமும் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் தொழிற்சாலைக்கு வருவாள். முப்பத்து நான்கு வயது, தோளில் ஒரு கனமான பை, காலில் கம்பெனி கொடுத்த இரும்புமுனைச் சப்பாத்து. முதலில் ஒரே ஒரு லைனில் பொருத்திப் பார்ப்பதென்று முடிவாகியிருந்தது. மேனேஜர் லிம் யோசிக்காமல் நான்காம் லைனைக் காட்டினார். பதினொரு வருடமாக ஆடாமல் அசையாமல் நிற்கிற லைன் அது ஒன்றுதானே.

கேன்டீனில் பயிற்சி நடந்தது. உஷாராணி மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசினாள். மேலே தொங்கப்போகிற பெரிய திரையில் எண் ஓடும். சரியாகப் போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. லைன் லீடர் கையில் ஒரு டேப்லெட் இருக்கும். இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று படத்தைத் தொட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தானாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளும். இத்தனையும் சந்திரகலா கவனமாகக் கேட்டாள். டேப் இயந்திரத்தின் வாயில் ஒரு சின்னக் கண் வைத்திருக்கிறோம், உள்ளே போகிற ஒவ்வொரு பெட்டியையும் அதுதான் எண்ணும் என்று உஷாராணி சொன்ன நேரத்தில் கறிபாப் பலகாரத் தட்டு வந்துவிட்டது. ஆளுக்கு இரண்டா மூன்றா என்பதை லைன் லீடர்தான் தீர்த்துவைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் அந்தக் கண்ணை அவள் பார்க்கத்தான் செய்தாள். கட்டைவிரல் பருமனில் ஒரு கருப்புப் பெட்டி, நடுவில் சிவப்பாய் ஒரு புள்ளி வெளிச்சம். பழைய டேப் இயந்திரத்திலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. யாராவது கையை உள்ளே விட்டால் இயந்திரத்தை நிறுத்துவதற்காக வைத்தது. இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். கை பத்திரம் என்று மற்றவர்களுக்கும் சொல்லிவைத்தாள்.

புது ஏற்பாடு அவளுக்குப் பிடித்துப்போனது. இரண்டாம் இயந்திரத்தில் வார்க்கிற மூடியின் ஓரத்தில் இரண்டு வருடமாகப் பூனைமீசை மாதிரி பிசிறு வந்துகொண்டிருந்தது. ஃபிட்டரிடம் சொன்னால் நாளைக்கு என்பான். அவனுடைய நாளைக்கு எந்த மாதத்தில் வரும் என்று ரொஹானி பந்தயம் கட்டுவாள். டேப்லெட் வந்த மூன்றாம் நாள் சந்திரகலா மூடி கெட்டுப்போன படத்தை முப்பத்தொரு தடவை தொட்டாள். மேலே ஆபீஸ் அறையில் யாருடைய திரையிலோ அது சிவந்திருக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு ஃபிட்டர் கருவிப் பெட்டியோடு ஓடிவந்தான். மாலைக்குள் மீசை போய்விட்டது. அன்று வீட்டுக்குப் போய் இதையே அவள் மூன்று முறை சொன்னாள்.

அவள் கணவன் வேலாயுதம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவர். மூன்றாவது தடவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதே மாதிரி ஒரு திரையை அடுப்படியில் மாட்ட முடியுமா, தான் எத்தனை தடவை தேத்தண்ணி கேட்டு எத்தனை தடவை கிடைக்கவில்லை என்று ஊருக்குத் தெரியட்டும் என்றார். மாட்டலாம், குப்பையை யார் வெளியே கொண்டுபோய்ப் போடவில்லை என்பதும் அதில் சேர்ந்தே ஓடும் என்றாள் சந்திரகலா. அத்தோடு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இப்படியே இரண்டு மாதம் போனது. திரை பச்சையாகவே இருந்தது. அதில் எண் இருநூற்று நாற்பதைத் தாண்டிப் போவதைச் சந்திரகலா சில நாள் கவனித்தாள். கம்ப்யூட்டர் கொஞ்சம் தாராளமாக எண்ணுகிறது என்று நினைத்தாளே தவிர, வேறு யோசனை போகவில்லை. தார்ப்பாய்க்குள் ஒன்றும் இரண்டுமாகப் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆஷிக்கை மேலே கூப்பிட்டார்கள்.

ஆஷிக் பதினான்கு வருடமாக அங்கே இருக்கிறவன். நாற்பது வயது, வாய் ஓயாது. லைனிலிருந்து பெட்டிகளை ஸ்டோருக்குக் கொண்டுபோவது அவன் வேலை. போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு மேசையிலும் யாரையாவது சீண்டாமல் நகரமாட்டான். அன்று மேலேயிருந்து இறங்கி வந்தவன் யாரையும் சீண்டவில்லை. ஃபோர்க்லிஃப்டின் சாவியும் கையில் இல்லை. நேராக நான்காம் லைனுக்கு வந்து, டேப் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். டேப் இயந்திரத்தின் கண் எண்ணிய பெட்டிகள் ஒரு பக்கம். ஸ்டோர் வாசலில் ஸ்டிக்கரைப் படித்து எண்ணிய பெட்டிகள் இன்னொரு பக்கம். உஷாராணி முதல் தடவையாக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டு மாதத்தில் ஐம்பத்தெட்டுப் பெட்டி நான்காம் லைனில் பிறந்திருக்கிறது, ஸ்டோருக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் இருப்பது ஆஷிக் ஒருவன்தான். வாசலில் காவல் நிற்கிற ஜாகா அவனுடைய சாப்பாட்டுப் பையையும் மோட்டார் சைக்கிளின் சீட்டுக்கு அடியையும் சோதித்திருக்கிறான். நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. அதுவரை வண்டியைத் தொடக்கூடாது.

"ஒரு பொட்டி என் முட்டி ஒசரம் இருக்கு," என்றான் ஆஷிக். "அத நான் சீட்டுக்கு அடியில வெச்சு எடுத்துட்டுப் போனேனாம். அவ்வளவு தெறமை இருந்தா நான் ஏன் லா இங்க வேலை செய்றேன்?"

சொன்னானே ஒழிய முகத்தில் ரத்தமில்லை. சந்திரகலாவுக்கு முழுதாகப் புரிய அரை நிமிடம் பிடித்தது. டேப் இயந்திரத்தின் வாயைப் பார்த்தாள். அந்தச் சிவப்புப் புள்ளி தன் பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது. கையைப் பாதுகாக்க வைத்த கண் இல்லை அது. இரண்டு மாதமாக அவள் தாபுங்கில் போட்ட ஒவ்வொன்றையும் பார்த்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

பலகைகளுக்குப் பின்னால் போனாள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கக்கூடக் கை வரவில்லை. திரும்பி வந்து, தாபுங்கைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியுமே, மேலே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். காலிப் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கி அதை மறைத்து வைப்பதே அவன்தான்.

"சொன்னா ஒங்க லைனுக்குத் தீபாவளி போச்சு. ஒங்க வேலையும் போயிரும் கலாக்கா," என்றான். "போன பெருநாளைக்கு நான் நாலு நாளு மாமனார் வீட்டுல பிரியாணி சாப்பிட்டுட்டு இருந்தேன். நாலாம் லைன் கொறையல, என்னையும் யாரும் தேடல. அது எதனாலன்னு எனக்குத் தெரியாதா? நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம் இருக்கு. பாப்போம்."

பத்து மணிக்கு அப்புறம் என்ன செய்வாய் என்று அவள் கேட்டதற்கு, வீட்டில் ரசியாவிடம் என்ன சொல்வது என்பதுதான் தன் பெரிய கவலை, லிம் அவளைவிட லேசான ஆள் என்றான். அவன் மனைவியைத் தெரிந்தவர்களுக்கு அது முழுப்பொய் என்று தோன்றாது.

தேநீர் இடைவேளையில் மேசைப் பெண்கள் கூடிப் பேசினார்கள். ரொஹானி ஒரு வழி சொன்னாள். ஐம்பத்தெட்டையும் இன்றைய பெட்டிகளோடு கலந்து ஸ்டோருக்கு அனுப்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும், யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. எல்லோரும் சந்திரகலாவைப் பார்த்தார்கள். அவளும் ஒரு நிமிடம் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தாள். ஆனால் ஸ்டிக்கர் ஒவ்வொன்றிலும் பெட்டி பிறந்த நாளும் மணியும் இருக்கிறது. ஆகஸ்டில் பிறந்த பெட்டி விசாரணைக்கு முந்தின மாலை திடீரென்று ஸ்டோரில் முளைத்தால், எடுத்தவன் பயந்து திருப்பி வைத்துவிட்டான் என்றுதானே நினைப்பார்கள்? அதையும் ஆஷிக்கின் தலையில்தான் கட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடிக்காமலே எழுந்தாள்.

மாலையில் வீட்டில் முறுக்குக்கு மாவு பிசைந்தாள். தீபாவளிப் பலகாரத்தை மூன்று வாரம் முன்பே ஆரம்பிப்பது அவள் வழக்கம்; வேலைக்குப் போகிறவளுக்கு ஒரே நாளில் எல்லாம் முடியாது. பிழிவது வேலாயுதத்தின் பொறுப்பு. அவர் பிழிகிற முறுக்கு வட்டமாக வராது, ஆனால் கை வலிக்கிறது என்று சொல்லாமல் பிழிவார். எண்ணெய் காய்கிற நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். ஐம்பத்தொரு வயதில் இன்னொரு தொழிற்சாலை வாசலில் விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொண்டு நிற்க வேண்டுமா என்றும் கேட்டாள்.

வேலாயுதம் மாவை உருட்டிக்கொண்டே கேட்டார்:

"ஒரு டப்பாவாவது வீட்டுக்குக் கொண்டாந்திருக்கியா?"

"என்னங்க பேச்சு இது?"

"இல்லல்ல? அப்ப திருடல. கொறைச்சு எழுதியிருக்கே, அது பொய்தான், அதுக்குத் திட்டுவாங்க. திட்டு வாங்கிக்க. அந்த ஆஷிக்கு வாங்கறதுக்கு அதுல என்ன இருக்கு? அவனா எழுதுனான்?" மாவை அச்சில் போட்டு அழுத்தினார். "வேலை போனா பாத்துக்கலாம். வேனுல புள்ளைங்கள ஏத்தி எறக்க ஆள் இல்லாம நானும்தான் சிரமப்படறேன். ஒன் கொரலுக்கு ஒரு புள்ள லேட்டா வராது."

அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. முதல் ஈடு கருகியது.

மறுநாள் ஃபேக்டரி பஸ்ஸில் போகாமல் வேலாயுதத்தின் வேனிலேயே ஏறி, பிள்ளைகளுக்கு முன்னால் இறங்கிக்கொண்டு, ஏழரை மணிக்கெல்லாம் போய்விட்டாள். உஷாராணி அப்போதுதான் பையை மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். வழக்கம்போலப் பசியாறிட்டீங்களாக்கா என்று கேட்டாள். அதெல்லாம் அப்புறம், ஒன்று காட்ட வேண்டும், வா என்று சந்திரகலா அவளை அழைத்துக்கொண்டு போனாள். பலகைகளுக்குப் பின்னால் இருவரும் பக்கவாட்டில் நுழைந்தார்கள். சந்திரகலா நீலத் தார்ப்பாயைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவினாள்.

உஷாராணி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு நாளா என் சென்சார்தான் தப்பா எண்ணுதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்க்கா," என்றாள். "கழட்டிப் பாத்தேன், மாத்திப் பாத்தேன். எங்க ஆபீஸ்ல என்னைக் கேக்காத கேள்வி இல்ல. இந்தச் சிஸ்டமே வேணாம்னு சொல்ற நெலமைக்கு வந்துட்டாங்க. நீங்க இங்க அடுக்கி வெச்சிருக்கீங்க."

அவள் கோபப்படுகிறாளா சிரிக்கிறாளா என்று சந்திரகலாவுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. தாபுங் என்றால் என்ன, யாருக்காக, எப்போதிலிருந்து என்று சந்திரகலா சொல்லச் சொல்ல, உஷாராணி இடையிடையே டேப்லெட்டில் எதையோ தட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். காணாமல் போன ஐம்பத்தெட்டு எண்களும் அதில் சிவப்பு வரிசையாக நின்றன. ஒவ்வொரு ஸ்டிக்கராகப் படிக்க ஆரம்பித்தார்கள். கருவி டிங் என்றதும் ஒரு வரி பச்சையாகும். வேலைக்கு வந்த பெண்களும் விஷயம் தெரிந்து பெட்டிகளைத் தூக்கித் தர, ஒன்பது மணிக்கெல்லாம் அந்தச் சந்து காலியாகிவிட்டது.

ஐம்பத்தேழு.

மறுபடியும் எண்ணினார்கள். ஐம்பத்தேழுதான். ஒரே ஒரு வரி சிவப்பாக நின்றது. செப்டம்பர் பன்னிரண்டு, மதியம் இரண்டு பதினேழு. மணி ஒன்பதே முக்கால். ஐம்பத்தேழு கிடைத்து ஒன்று கிடைக்காவிட்டால், அந்த ஒன்றை வைத்தே ஆஷிக்கைப் பிடிப்பார்கள். சந்திரகலா குனிந்து பெல்ட்டுக்கு அடியில் பார்த்தாள், குப்பைத் தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள். கடைசியில் ரொஹானிதான் மெதுவாக அவள் தோளைத் தொட்டு, லைன் லீடர் தேநீர் நேரத்தில் கால் வலிக்கு உட்காருகிற ஆசனத்தைக் காட்டினாள். துண்டு விரித்து மூடியிருந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாகச் சந்திரகலா உட்கார்ந்து உட்கார்ந்து அதன் நடு அமுங்கியிருந்தது. துண்டை எடுத்ததும் ஸ்டிக்கர் தெரிந்தது. டிங்.

பத்து மணிக்கு லிம்மின் அறையில் ஆஷிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். ரசியாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. கதவைத் தட்டிவிட்டு சந்திரகலாவும், பின்னால் டேப்லெட்டோடு உஷாராணியும் உள்ளே போனார்கள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நின்றபடியே மலாயில் முழுவதையும் சொன்னாள். நோட்டில் குறைத்து எழுதியது தன் கை. ஒளித்து வைத்தது தன் லைன். ஐம்பத்தெட்டும் கீழே இருக்கின்றன, இவன் ஒரு பெட்டியையும் எடுக்கவில்லை. ரொஹானியின் பெயரை அவள் சொல்லவில்லை.

லிம் மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பெராப்பா லாமா?" என்று மட்டும் கேட்டார். எவ்வளவு காலமாக?

பதினொரு வருடம் என்றாள்.

பதினொரு வருடம் என்பதை அவர் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மேலிடத்துக் கூட்டங்களில் உற்பத்தி வரைபடத்தில் நான்காம் லைனின் கோட்டைத்தான் அவர் பெருமையாகக் காட்டுவது வழக்கம். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருக்கும். மனிதர்கள் வேலை செய்கிற எந்த லைனும் அப்படி நேராக இருக்காது, அதைப் பார்த்ததுமே தனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்றாள் உஷாராணி. லிம் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் வந்திருக்க வேண்டும்தானே. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஃபோர்க்லிஃப்ட் சாவியை எடுத்து, எழுந்து வந்து, ஆஷிக்கின் கையில் கொடுத்தார். சாரி என்றார். நேற்று வண்டி ஓடாததால் ஸ்டோரில் மலைபோல் கிடக்கிறது, போ என்றும் சொன்னார். ஆஷிக் போகவில்லை. கதவருகே நின்றுகொண்டான்.

சந்திரகலாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் என்று தீர்ப்பானது. வேலை போகவில்லை என்பது அவள் மண்டையில் ஏறுவதற்குள் கடிதமே தயாராகி வந்துவிட்டது. முழுதாகப் படித்தாள். தவறான உற்பத்தி எண்ணிக்கையைப் பதிவு செய்ததற்காக என்று இருந்தது. அது உண்மைதான். கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்:

"தப்பா எழுதினதுக்கு எனக்குக் கடிதம் சரி பாஸ். ஆளு பாதி இல்லாத நாள்லயும் முழு டார்கெட் கேட்டவங்களுக்கு யாரு கடிதம் கொடுப்பாங்க?"

மலாயில்தான் கேட்டாள். அந்தக் குரலில் கேட்டதால் கீழே ஒன்றிரண்டு லைன்வரை போயிருக்கும். ஆஷிக் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை மிகவும் கவனமாகப் பார்த்தான்.

லிம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உஷாராணிதான் டேப்லெட்டை அவர் முன்னால் வைத்தாள். இரண்டு மாதத்தில் எந்த மணிக்கு மேசையில் எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பெட்டி போனது என்பது அதில் இருந்தது. எட்டுப் பேர் நின்றால் முப்பது; ஐந்து பேர் நின்றால் இருபது. ஆள் குறைந்த மணிகளில் ஒவ்வொருத்தியும் கூடுதலாகத்தான் கொடுத்திருக்கிறாள். காகித நோட்டில் இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அதில் எல்லா நாளும் இருநூற்று நாற்பதுதான். டார்கெட்டை லைனுக்கு வைக்காமல் கைகளுக்கு வையுங்கள், காலையில் எத்தனை பேர் அட்டை தட்டுகிறார்களோ அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரே எண்ணை மாற்றிக்கொள்ளும், எனக்கு அரை நாள் வேலை என்றாள். அப்படியென்றால் யாரும் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. என் எண்ணும் சரியாக இருக்கும்.

மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார் லிம். கேட்டார். அம்பாங்கில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்கு நான்கு தடவை போன் பேசினார் என்று பின்னால் தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமை சரி என்று பதில் வந்தது. நான்காம் லைனில் தீபாவளிக்கு முந்தின நாள் ஐந்து கை, டார்கெட் நூற்று அறுபது. தமிழ்ப் பெண்கள் மூவருக்கும் லைன் லீடருக்கும் லீவு.

ஆனால் அதற்கு முன்பே, விசாரணை நடந்த அன்றே, லிம் அவளிடம் இன்னொன்று கேட்டிருந்தார். மற்ற ஆறு லைன்களிலும் இது உண்டா? அது அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று சந்திரகலா சொல்லிவிட்டாள். முகத்தை அவளால் எவ்வளவு நேராக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேராக வைத்துக்கொண்டு சொன்னாள். அதுவே லிம்முக்குப் போதுமானதாக இருந்தது. தீபாவளி முடிந்ததும் எல்லா லைனிலும் கண் பொருத்தப் போகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் எங்கே எது இருந்தாலும் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், யாரையும் எதுவும் கேட்கமாட்டேன் என்று மூன்று மொழியில் நோட்டீஸ் ஒட்டினார்.

வியாழக்கிழமை வரை ஒரு பெட்டியும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மூன்றாம் லைன் தயங்கித் தயங்கி எழுபத்தொன்றை வெளியே எடுத்தது. அதைப் பார்த்து இரண்டாம் லைன் அறுபத்தாறு. முதல் லைன் நாற்பது, ஐந்தாம் லைன் இருபத்தொன்பது. ஆறாம் லைன் சத்தமே போடாமல் பழைய அச்சுகள் வைத்திருக்கிற அறையைத் திறந்து நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளை எடுத்தபோது, வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதில் நாலைந்து பெட்டிகளில் கம்பெனியின் பழைய சின்னம் இருந்தது. அதை மாற்றியே மூன்று வருடமாகிறது. எங்களிடம் அப்படி எதுவும் கிடையாது என்று காலையிலிருந்து சாதித்துக்கொண்டிருந்த ஏழாம் லைன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முப்பத்தைந்தைக் கொண்டுவந்து ஓரமாக வைத்துவிட்டுப் போனது.

மொத்தம் முந்நூற்று ஐம்பத்து மூன்று. நடுக்கூடத்தில் நடக்க வழியில்லை. லிம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டிச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். செராஸில் ஒரு மொத்த வியாபாரி இரண்டு வாரமாகச் சரக்கு கேட்டு அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். முந்நூறு பெட்டிக்கு எங்கே போவேன் என்று சொல்லி லிம் சமாளித்துக்கொண்டிருந்தார். போனை எடுத்து, இன்று மாலையே லோரி வரும் என்று சொன்னார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் பெரிய கதை என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆஷிக் மதியத்திலிருந்து இறங்காமல் ஓட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் தேவையில்லாமல் ஹார்ன் அடித்தான். ஆறாம் லைனைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தி எழுந்து சலாம் வைத்தான். நான்காம் லைன் பக்கம் வந்தபோது சந்திரகலா, தீபாவளியன்று பதினொரு மணிக்கு ரசியாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும், தாமதமாக வந்தால் சாப்பாடு கிடையாது என்றாள். ரசியா ஏற்கெனவே புதுச் சேலை எடுத்துவிட்டாள், அழைக்காவிட்டாலும் வருவதாகத்தான் இருந்தோம் என்றான் அவன்.

ஐந்து மணிக்கு லோரி கிளம்பியது. காலியான கூடத்தின் நடுவில் லிம் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டு வந்த சந்திரகலாவை நிறுத்தி, ஒன்றே ஒன்று மட்டும் தனக்குப் புரியவில்லை என்றார். ஆறாம் லைனில் நூற்றுப் பன்னிரண்டு பெட்டியை, இத்தனை வருடம், யார் கண்ணிலும் படாமல் எப்படி வைத்திருந்தார்கள்?

"அதுதான் எனக்கும் தெரியல பாஸ்," என்றாள் சந்திரகலா. உண்மையிலேயே அவளுக்கு அது மத்தியானத்திலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. "பதினொரு வருஷத்துல நான் எண்பதத் தாண்டுனதே இல்ல."

லிம் அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அந்த இருபத்து மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. வாசலில் ஃபேக்டரி பஸ் ஹார்ன் அடித்தது. ஆறாம் லைன் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்து சீட்டைப் பிடிக்க வேண்டும் என்று சந்திரகலா வேகமாக நடந்தாள்.